கணையாழியும் தனி அலுவலரும்

1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தல் முடிவு வந்தபோது, அண்ணாவின் கட்சி தேர்தல் களத்துக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 100 இடங்களில் 45 இடங்கள் தி.மு.க.வுக்குக் கிடைத்தன. அ.பொ. அரசு மேயரானார். வெற்றி விழா மேடையில் மு. கருணாநிதியின் விரலில் அண்ணா கணையாழி அணிவித்தார். தன் உழைப்பு கண்டுகொள்ளப்படவில்லை என்று அன்று கண்ணதாசனுக்கு ஏற்பட்ட மனக்கசப்பு 'வனவாசம்' நூலில் பதிவாகியிருக்கிறது. கோட்டைக்குப் போகும் பாதை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வழியாகத்தான் என்று அந்தக் கட்சி நம்பிய காலம் அது. எட்டே ஆண்டுகளில், 1967-இல், அந்த நம்பிக்கை பலித்தது.

1973-இல் அதே மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் என்று அது பேசப்பட்டது. வேலைக்கே வராத கூலியாட்களின் பெயரில் பணம் எடுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. கலைத்த அரசின் முதல்வர், 14 ஆண்டுகளுக்கு முன் அந்த மன்றத்தை வென்று தந்ததற்காகக் கணையாழி பெற்றவர். ஊழல் செய்தவர்களைத் தண்டிக்க மன்றத்தைக் கலைத்ததைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தி.மு.க. ஆண்டது, எம்.ஜி.ஆர். ஆண்டார், ஆளுநர் ஆட்சி வந்தது, மீண்டும் தி.மு.க. வந்தது, ஜெயலலிதா வந்தார். பல லட்சம் பேர் வாழும் தலைநகரில் குப்பை, குடிநீர், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் 23 ஆண்டுகள் அரசு நியமித்த ஒரு தனி அலுவலரே பொறுப்பு. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்பதையே அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்து வாக்காளராகிவிட்டது.

தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கும் குடிமக்கள் பங்கேற்புக்கும் உள்ள உறவு இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குள் அடங்கிவிடுகிறது. எதிரணியில் இருக்கும்போது உள்ளாட்சி, கட்சி ஏறிவரும் படிக்கட்டு. ஆட்சிக்கு வந்தபின் அதே படிக்கட்டில் இன்னொருவர் ஏறிவிடுவாரோ என்ற கவலை.

இந்தக் கவலை திராவிடக் கட்சிகளோடு பிறந்ததல்ல. 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1884-இல் சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நகராட்சிகளிலும் போர்டுகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு நியமிக்கப்பட்டவர்களும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். வரி கட்டுவோருக்கே வாக்கு. பெரியார் ஈரோடு நகராட்சிக்கும் ராஜாஜி சேலம் நகராட்சிக்கும் தலைவர்களாக இருந்து பொதுவாழ்வில் பழகியது இந்தக் குறுகிய வட்டத்தில்தான். 1920-இல் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் உள்ளாட்சித் துறை அமைச்சர்கள் கைக்கு மாறியது. பனகல் அரசர் அத்துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். யாரை நியமிப்பது என்ற அதிகாரம் கட்சியை வளர்க்கும் கருவியாயிற்று. தேர்தலில் நின்றால் ஒருபோதும் வென்றிருக்க முடியாத ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் மன்றங்களுக்குள் நுழைந்ததும் நியமனத்தின் வழியாகத்தான். மேலிருந்து கொடுப்பதில் நன்மையும் ஆதாயமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அந்தக் கலவை இன்றுவரை மாறவில்லை.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இதே முரண் வெளிப்பட்டது. கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கடுமையாகச் சொன்னார். அதே மாதம் 22-ஆம் தேதி, ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைத் தமிழரான கே. சந்தானம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். 40-ஆவது பிரிவு பிறந்தது இப்படித்தான். அது வழிகாட்டு நெறி மட்டுமே. மீறினால் கேட்க நீதிமன்றம் இல்லை.

காமராஜர் ஆட்சி 1958-இல் ஊராட்சிச் சட்டம் இயற்றி, 1960-61-இல் மாநிலம் முழுவதும் 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. தொடக்கப் பள்ளி, கிராமச் சாலை, குடிநீர் ஆகியவை ஒன்றியத்தின் பொறுப்பில் வந்தன. பிரசிடெண்ட் என்றும் சேர்மன் என்றும் ஊர்மக்கள் அழைத்த புதிய மனிதர்கள் அதிகாரம் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலபுலம் உள்ள காங்கிரஸ்காரர்கள். ஒன்றிய சேர்மனை ஊராட்சித் தலைவர்களே தேர்ந்தெடுத்ததால், கூலிவேலை செய்பவரின் வாக்கு அந்த நாற்காலி வரை எட்டவில்லை.

காங்கிரஸின் அந்தக் கோட்டைக்கு வெளியே தி.மு.க. வேறொரு பங்கேற்பை உருவாக்கியிருந்தது. டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் நாளிதழ் படிக்கப்பட்டது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். தெருமுனையில் ஓலைக்கூரை வேய்ந்த படிப்பகங்கள் எழுந்தன. விடியவிடிய நடந்த பொதுக்கூட்டங்கள், நாடகங்கள், மன்றங்கள், மாநாடுகள் என்று அதுவரை அரசியல் தமக்கானதல்ல என்று ஒதுங்கியிருந்த கோடிக்கணக்கானவர்களை அந்த இயக்கம் அரசியலுக்குள் அழைத்துவந்தது. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் அந்த மேடைகளில் பேசுவோர் மேலேயும் கேட்போர் கீழேயும் இருந்தார்கள். ஊர்க் கணக்கைத் திறந்து, இந்த ஆண்டு எந்தத் தெருவுக்குச் சாலை என்று கூடி முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வளரவில்லை. உணர்ச்சியில் பங்கு கிடைத்தது, முடிவில் கிடைக்கவில்லை.

1969-இல் கருணாநிதி அரசு பி.வி. ராஜமன்னார் குழுவை அமைத்தது. டெல்லியிடமிருந்து மாநிலத்துக்கு என்னென்ன அதிகாரங்கள் வரவேண்டும் என்று ஆராய்ந்து அக்குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974-இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியக் கூட்டாட்சி வரலாற்றில் இவை தலைநிமிர்ந்து நிற்கும் ஆவணங்கள். அதே காலத்தில் ஊராட்சிகளின் நிலை வேறாக இருந்தது. 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்தது 1986-இல்தான் வந்தது. நடுவில் 16 ஆண்டுகள் போயின.

எம்.ஜி.ஆர். ஆட்சி கிராமத்தின் அதிகார அமைப்பைப் பெரிதாக அசைத்த ஆட்சி. 1980 நவம்பரில் பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலைமுறை தலைமுறையாகக் கணக்கையும் நிலத்தையும் கையில் வைத்திருந்த குடும்பங்களின் பிடி தளர்ந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டும் ஏழைகளுக்குப் பெரும் நன்மை செய்தவை. இரண்டும் சென்னையிலிருந்து இறங்கியவை. பயனாளிக்கும் தலைவருக்கும் நேரடி உறவு வலுப்பட்டபோது, நடுவில் ஊராட்சி மன்றம் எதற்கு என்ற எண்ணம் ஆளுவோரிடம் இயல்பாக வேரூன்றியது. 1986-இல் தேர்தல் நடத்தியபோது நகராட்சிகளில் பெரும்பாலானவற்றைத் தி.மு.க. அள்ளிச் சென்றது. உள்ளாட்சித் தேர்தல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆளுங்கட்சிகள் அஞ்சிய உதாரணம் கண்ணெதிரே நின்றது. 1991-க்குப் பின் ஜெயலலிதா ஆட்சியின் ஐந்தாண்டிலும் தேர்தல் வரவில்லை.

கடைசியில் தேர்தலைக் கட்டாயமாக்கியது கட்சிகளின் மனமாற்றம் அல்ல, அரசமைப்புச் சட்டம். ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த ஊராட்சி மசோதா 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரே கிராமத்துக்குப் போகப் பார்க்கிறது என்று, தி.மு.க. இடம்பெற்றிருந்த தேசிய முன்னணி எதிர்த்தது. அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது. பின்னர் நரசிம்ம ராவ் காலத்தில் 73-ஆவது திருத்தம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சமூகங்களுக்கும் இடஒதுக்கீடு, ஊரின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினராகும் கிராம சபை ஆகியவை சட்டமாயின. 1994-இல் தமிழ்நாடு தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. சென்னைக்கு நேரடித் தேர்தலில் மு.க. ஸ்டாலின் மேயரானார்.

அந்த ஆண்டு திறந்த கதவு சில ஊர்களில் இரத்தம் கேட்டது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் மிரட்டலை மீறித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்து வழிமறிக்கப்பட்டு ஐந்து தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் மூவரை 2008-இல் தி.மு.க. அரசும், 13 பேரை 2019-இல் அ.தி.மு.க. அரசும் முன்கூட்டியே விடுவித்தன. ஊராட்சித் தலைவராக ஆசைப்பட்டதற்காக ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் இரு கட்சிகளும் ஒரே வழியில் நடந்தன.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டவைதான், ஆனால் கதை வேறு. அங்கே பத்து ஆண்டுகள் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. யாரும் மனுத்தாக்கல் செய்யமாட்டார்கள். அல்லது நிறுத்திவைக்கப்பட்டவர் பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். இத்தனைக்கும் அந்த ஊர்களில் எல்லாக் கட்சிகளுக்கும் கிளைகள் இருந்தன, கொடிமரங்கள் இருந்தன. பெரும்பான்மைச் சாதியின் வாக்கை இழக்க யாரும் துணியவில்லை. இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2006-இல் கருணாநிதி அரசு உறுதி காட்டியது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசினார், தேர்தல் நடந்தது. நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து அரசு சமத்துவப் பெருவிழா நடத்தியது. ஆட்சியாளர்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மனம் வைத்த ஊராட்சித் தலைவர்களும் இருந்தார்கள். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ரங்கசாமி இளங்கோ விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு 1996-இல் தலைவரானார். ஊர்க் கணக்கை மக்கள் முன் வைத்தார். பல சாதியினரும் இணைவீடுகளில் அடுத்தடுத்து வாழும் குடியிருப்பு அங்கே எழுந்தது. இவரைப் போன்றவர்கள் கட்சிகளால் வளர்க்கப்பட்டவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தேர்தல் சட்டப்படி கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால் அவர்களுக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர், எம்.எல்.ஏ. என்ற வரிசையில் சேராத ஒரு பிரசிடெண்ட் எல்லோருக்கும் தொல்லை. ஒப்பந்தம் யாருக்கு என்பதில் அவர் குறுக்கே நிற்பார். நல்ல பெயர் எடுத்தால் அடுத்த எம்.எல்.ஏ. சீட்டுக்குப் போட்டியாவார். அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்குத் தந்திருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை அதிகாரி நீக்கலாம் என்ற அந்தப் பிரிவை எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வந்து எடுத்துவிடவில்லை.

கேரளம் இதே 1996-இல் வேறு பாதையில் போனது. ஆகஸ்டு மாதம் இடது முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. எதில் செலவிடுவது என்று கிராம சபைகள் கூடிப் பேசின. 2001-இல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் முன்னணி பெயரை மாற்றியதே தவிர அமைப்பைக் கலைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் பெயர் மாற்றம் உண்டு. மக்கள் பங்குத்தொகை தந்து ஊர் வேலைகளைச் செய்துகொள்ளும் 'நமக்கு நாமே' திட்டத்தை 1997-இல் தி.மு.க. தொடங்கியது; 2011-இல் அ.தி.மு.க. அதைத் தன்னிறைவுத் திட்டமாக்கியது. 2021-இல் பழைய பெயர் திரும்பியது. இங்கே பங்கேற்பு என்பதற்குப் பணத்தில் பங்கு என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்பட்டது. திட்டத்தை வகுப்பதில் பங்கு என்ற அடுத்த அடியை எடுத்துவைக்க இரு கட்சிகளும் தயங்கின.

மேயரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதிலும் இந்தத் தயக்கத்தைப் பார்க்கலாம். 1996-இல் மக்கள் நேரே தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் தி.மு.க. அதைக் கவுன்சிலர்கள் கைக்கு மாற்றியது. 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2016-இல் அ.தி.மு.க. மறைமுகத் தேர்தலாக்கியது, 2018-இல் நேரடியாக்கியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடி மறைமுகமாக்கியது. நேரடி, மறைமுகம் என்ற இரண்டு முறைகளுக்கும் ஆதரவாக நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அன்றைய ஆளுங்கட்சிக்கு எது வசதி என்பதே பேசப்பட்டது. மக்களிடம் கருத்துக் கேட்டு எந்த மாற்றமும் நடக்கவில்லை.

2016 அக்டோபர் தேர்தல் அவசர அவசரமாக அறிவிக்கப்பட்டது. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அறிவிப்பை ரத்து செய்தது. குறையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை என்ற காரணம் நீண்டுகொண்டே போனது. தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியம் நிலுவையில் நின்றது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பதில் 2021 அக்டோபரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரியிலும் தேர்தல் நடந்தது. அதாவது நகரங்கள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரதிநிதி இல்லாமல் இருந்தன.

அந்த வெற்றிடத்தில்தான் கட்சிகள் கிராம சபையைப் புதிதாகக் கண்டுகொண்டன. 2018-இல் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கிய கமல்ஹாசன் கிராம சபைக்குச் செல்லுங்கள் என்று மேடைதோறும் பேசினார். 2019 ஜனவரியில் திருவாரூர் மாவட்டம் புலிவலத்தில் தொடங்கி, 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் கூட்டம் நடத்த தி.மு.க. கிளம்பியது. நாற்காலி போட்டு, ஒலிவாங்கியை ஊர்ப் பெண்களிடம் கொடுத்து, ஸ்டாலின் குறைகளைக் கேட்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைகளைக் கொரோனாவைக் காரணம் காட்டி அ.தி.மு.க. அரசு கடைசி நேரத்தில் ரத்து செய்தது. ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட அந்த நாளைத்தான் எதிர்க்கட்சிகள் குறித்துவைத்திருந்தன. டிசம்பரில் தி.மு.க. தானே கிராம சபை என்ற பெயரில் கூட்டங்களைத் தொடங்கியபோது, அந்தப் பெயரைக் கட்சிகள் பயன்படுத்தக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. பெயர் மக்கள் கிராம சபையாக மாறி, கூட்டங்கள் தொடர்ந்தன. உண்மையான கிராம சபையைக் கூட்ட ஒரு கட்சிக்கு மனமில்லை. இன்னொரு கட்சி அதைத் தன் பிரசாரப் பந்தலாக்கியது.

2021-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. சில நல்ல அடிகளை எடுத்துவைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் அமர்ந்தார். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-இல் ஆறாயின. மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரு நாட்கள் சேர்ந்தன. நகர மக்களுக்குப் பகுதி சபை, வார்டு குழு அமைக்க 2010-இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தும் விதிகள் எழுதப்படாமல் 12 ஆண்டுகள் கிடந்தன. 2022 ஜூனில் அவை வெளியாகி, நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வரே பகுதி சபையில் கலந்துகொண்டார். இருந்தும் விதிகளில் ஓர் ஓட்டை விடப்பட்டது. பகுதி சபைப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். நீதிக்கட்சிக் காலத்து நியமனத்தின் நிழல் நூறு ஆண்டு தாண்டி இன்றைய வார்டு வரை நீள்கிறது.

கிராமங்களில் கூட்டம் நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000-க்கு மேல் இருந்தால் 300 பேரும் வரவேண்டும் என்பது விதி. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வரிசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக் கணக்கை நிரப்புவது பல ஊர்களில் வழக்கம். தீர்மான நோட்டில் என்ன எழுதப்பட்டது என்று அவர்களிடம் யாரும் படித்துக் காட்டுவதில்லை. அப்படியும் சில ஊர்களில் அந்த நோட்டு ஆயுதமாகிறது. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 நவம்பரில் மேலூர் வட்டார கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் அதையே சொன்னது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. முதல்வர் அங்கே சென்று பாராட்டு விழாவில் கலந்துகொண்டார்.

பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுக்கும் ஏகனாபுரம் மக்களும் 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டு வருகிறார்கள். அதே சட்டம், அதே நோட்டு, அதே கையெழுத்துகள். அவற்றுக்குக் கோட்டையிலிருந்து வந்த பதில் நிலம் கையகப்படுத்தும் அரசாணைதான். டெல்லியின் திட்டத்தை எதிர்க்கும் தீர்மானம் மக்கள் குரலாகவும், மாநில அரசின் திட்டத்தை எதிர்க்கும் தீர்மானம் வளர்ச்சிக்குத் தடையாகவும் பார்க்கப்படும்வரை, கிராம சபைக்குக் கட்சிகள் தரும் மரியாதை முழுமையடையாது. எந்தத் திட்டம் சரி என்பது வேறு விவாதம். மக்கள் முறைப்படி கூடி எழுதிய தீர்மானத்துக்கு ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் தரும் கடமைகூட எந்த ஆட்சியிலும் உருவாகவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதி, 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேதி ஐந்தாண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் தேர்தல் நடக்கவில்லை. இம்முறை காரணம் நகரங்களோடு கிராமங்களை இணைப்பதும் வார்டு மறுவரையறையும். 2016-இல் தனி அலுவலர் ஆட்சியைச் சாடிய கட்சியின் அரசு, தனி அலுவலர்களை நியமிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. முன்பு தனி அலுவலர்களை வைத்து ஆண்ட கட்சி இப்போது அதைக் கண்டித்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் உயர்நிலைக் குழுவை முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ராஜமன்னார் குழுவின் வழியில் அது தேவையான முயற்சி. மாநில உரிமைக் கோரிக்கைக்கு வலுச் சேர்க்க இரண்டு வேலைகள் மாநிலத்தின் கையிலேயே இருக்கின்றன. பதவிக்காலம் முடியும் நாளுக்கு முன்பே தேர்தலை முடிக்கும்படி மறுவரையறைக்குச் சட்டத்தில் காலக்கெடு வைக்கலாம். கிராம சபைத் தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்று ஊராட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். இரண்டுக்கும் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் ஒரு மசோதா போதும்.